420: பாஸ்டர் சிலையடியில் பிறந்த குழூஉக்குறி

கஞ்சா புகைப்பதற்கு உலகெங்கும் வழங்கும் மறைபெயர் 420; அதைக் கொண்டாடும் நாள் ஏப்ரல் 20. அந்த நாள் நெருங்கும்போதெல்லாம் இந்த எண் எப்படி வந்தது என்பதற்கு விளக்கங்கள் வரிசைகட்டி வருகின்றன. கலிஃபோர்னியா போலீஸாரின் சங்கேத எண் அது என்கிறார் ஒருவர். கஞ்சாச் செடியில் மொத்தம் 420 வேதிப்பொருள்கள் இருக்கின்றன என்கிறார் இன்னொருவர். ஜமைக்கா பாடகர் பாப் மார்லி மறைந்த நாள் என்று மூன்றாமவர் கண்கலங்குகிறார். நம்மூர்க்காரர் மட்டும் சும்மா இருப்பாரா? இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 420ஆம் பிரிவை அதனோடு முடிச்சுப்போட்டுவிடுகிறார்.

நான்கும் பிழை. உண்மைக் கதை இவை எல்லாவற்றையும்விடச் சின்னது. அதனால்தான் அது யாருக்கும் பிடிப்பதில்லை என்று நினைக்கிறேன். கஞ்சா நல்லதா கெட்டதா, தடைச்சட்டம் சரியா என்ற வழக்குகளுக்குள் நான் இங்கே போகவில்லை. அதைச் சுற்றி வளர்ந்த சொற்களும் சடங்குகளும் எங்கே தொடங்கின, எப்படி ஊர் சுற்றின, அவற்றைப் பற்றி ஏன் இத்தனை பொய்க்கதைகள் என்பது மட்டுமே பேச்சு.

## துண்டுக்கு அடியில் ஒரு மொழி

மணப்பாறை போன்ற மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் விலை பேசுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இருவர் கைகோத்து நிற்பார்கள். கைகளின்மேல் ஒரு துண்டு கிடக்கும். துண்டுக்கு அடியில் ஒருவர் விரலை மற்றவர் பிடிக்கிறார், விடுகிறார், மறுபடி பிடிக்கிறார். தொகை ஏறுகிறது, இறங்குகிறது. பக்கத்தில் நிற்பவருக்கு அவர்களுடைய முகத்தைத் தவிர எதுவும் தெரியாது. எந்த விரலுக்கு எவ்வளவு என்பது அவர்களுக்குள் உள்ள ஏற்பாடு. விரலைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. யாராவது சொல்லித்தர வேண்டும்.

இதையே சொற்களைக் கொண்டு செய்தால் அது குழூஉக்குறி. ஒரு கூட்டத்தார் ஒரு பொருளின் வழக்கமான பெயரை விட்டுவிட்டு, தங்களுக்குள் மட்டும் விளங்கும்படி வேறொரு பெயரால் அதைக் குறிப்பதற்கு அந்தப் பெயர். நன்னூல் இதைத் தகுதி வழக்கு மூன்றில் ஒன்றாக வைக்கிறது. இலக்கண வகுப்பில் கேட்ட உதாரணங்கள் நினைவிருக்கலாம்: பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பார்கள், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பார்கள், வேடர் கள்ளைச் ‘சொல்விளம்பி’ என்பார்கள். உள்ளே போனதும் ஆளைப் பேசவைப்பதால் சொல்விளம்பி! போதைப்பொருளுக்கு மறைபெயர் வைப்பது நேற்று வந்த பழக்கமில்லை என்பதற்கு இலக்கணமே சாட்சி.

குழூஉக்குறி இரண்டு வேலைகளைச் செய்கிறது. வெளியாளிடமிருந்து செய்தியை மறைக்கிறது, உள்ளாட்களை ஒன்றுசேர்க்கிறது. முதல் வேலை அதிக நாள் தாங்காது. 1920களிலும் 30களிலும் அமெரிக்க ஜாஸ் இசைக்கலைஞர்கள் கஞ்சாவை ‘டீ’ என்றார்கள், ‘மக்கிள்ஸ்’ என்றார்கள், ‘ரீஃபர்’ என்றார்கள். புகைப்பவருக்கு ‘வைப்பர்’, அதாவது விரியன் பாம்பு, என்று பெயர். லூயி ஆம்ஸ்ட்ராங் 1928இல் பதிவுசெய்த ஓர் இசைத்தட்டின் தலைப்பே ‘மக்கிள்ஸ்’தான். தலைப்பைப் படித்த கடைக்காரருக்கு எதுவும் விளங்கியிருக்காது. போலீஸாருக்கும் பத்திரிகைகளுக்கும் விளங்கத் தொடங்கியதும் அந்தச் சொற்கள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டன; அவற்றின் இடத்துக்குப் புதியவை வந்தன. கஞ்சாவுக்கு இத்தனை பெயர்கள் சேர்ந்ததற்குப் பெரிய காரணம் இதுதான்.

இதுவரை பார்த்ததைச் சொன்னால்: குழூஉக்குறி என்பது ஒரு குழுவின் ஏற்பாடு. பொருள் அந்தச் சொல்லுக்குள் ஒளிந்திருப்பதில்லை. ஆகவே எண்ணைக் கூட்டிக் கழித்துப் பார்த்தோ, எழுத்துகளைப் பிரித்துப் பார்த்தோ பிறப்பைக் கண்டுபிடிக்க முடியாது. முதலில் யார், எப்போது அப்படிச் சொன்னார்கள் என்று தேட வேண்டும்.

## சான் ரஃபேல், 1971

கலிஃபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, மரின் கவுன்டியில் சான் ரஃபேல் என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள உயர்நிலைப் பள்ளியில் 1971இல் ஐந்து நண்பர்கள் ஒரு சுவரருகே கூடிக் கதையளப்பார்கள். சுவருக்கான ஆங்கிலச் சொல்லிலிருந்து தங்களுக்கு ‘வால்டோஸ்’ என்று பெயர் வைத்துக்கொண்டார்கள்.

அந்த ஆண்டு இலையுதிர்காலத்தில் அவர்கள் கைக்கு ஒரு வரைபடம் வந்தது. அருகிலுள்ள பாயின்ட் ரேயஸ் தீபகற்பத்தில் கடலோரக் காவல் படை வீரர் ஒருவர் கஞ்சா பயிரிட்டிருந்தார், மாட்டிக்கொள்வோமோ என்ற பயத்தில் அதைக் கைவிட்டுவிட்டார், வேண்டுமானால் அறுத்துக்கொள்ளலாம். பதினாறு பதினேழு வயதுப் பையன்களுக்கு இதைவிடப் பெரிய புதையல் எது? பள்ளி முடிந்து, விளையாட்டுப் பயிற்சியும் முடிந்து, எல்லோரும் கூடத் தோதான நேரம் மாலை 4.20. கூடும் இடம், பள்ளி வளாகத்திலிருந்த லூயி பாஸ்டர் சிலை. வெறிநாய்க் கடிக்குத் தடுப்பூசி கண்ட அதே பாஸ்டர்தான். அவருக்கும் கஞ்சாவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, சிலை அங்கே நின்றது, அவ்வளவே.

பள்ளித் தாழ்வாரத்தில் ஒருவரையொருவர் கடக்கும்போது ‘4.20 லூயி’ என்று நினைவூட்டிக்கொண்டார்கள். காரில் ஏறிப் புகைத்துக்கொண்டே போய்த் தேடினார்கள். வாரக்கணக்கில் தேடியும் அந்தப் பயிர் கிடைக்கவே இல்லை. நாளடைவில் லூயி உதிர்ந்து 420 மட்டும் மிஞ்சியது. ‘புகைக்கப் போகலாமா’, ‘உன்னிடம் இருக்கிறதா’, ‘அவன் போதையில் இருக்கிறானா’ எல்லாவற்றுக்கும் அந்த ஓர் எண் போதுமானதாக இருந்தது. ஆசிரியர் எதிரிலேயே பேசலாம், பெற்றோர் எதிரிலேயே பேசலாம். குழூஉக்குறிக்கு இலக்கணம் எழுதியவர் கேட்டால் மகிழ்ந்திருப்பார்.

இதை எப்படி நம்புவது என்று கேட்பது நியாயம். அந்தக் காலத்திலேயே தபால் முத்திரையோடு அவர்களுக்குள் போய்வந்த கடிதத்தில் 420 வருகிறது. கைவினை வகுப்பில் ஒரு தோழி செய்து கொடுத்த, 420 என்று எழுதிய கொடி இருக்கிறது. இவற்றை அவர்கள் வங்கிப் பெட்டகத்தில் வைத்துப் பாதுகாக்கிறார்கள். அந்தப் பள்ளி மாணவர் பத்திரிகையின் 1974ஆம் ஆண்டு இதழிலும் இந்த எண் அச்சாகியிருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி இந்தச் சொல்லுக்கான மேற்கோள்களில் அதைச் சேர்த்திருக்கிறது. அதே ஊரைச் சேர்ந்த வேறொரு நண்பர் குழு பின்னாளில் உரிமை கொண்டாடியது உண்டு. ஆனால் தேதியிட்ட காகிதத்தோடு வந்தவர்கள் வால்டோஸ் மட்டுமே.

## ஐந்து பேரிடமிருந்து ஐந்து கண்டங்களுக்கு

உலகத்தில் எத்தனையோ பள்ளிகளில் எத்தனையோ நண்பர்கள் இப்படி மறைசொற்களை உண்டாக்குகிறார்கள்; பள்ளி முடியும்போது அவையும் முடிந்துவிடுகின்றன. இந்த ஒன்று மட்டும் பிழைத்ததற்குக் காரணம் ஓர் இசைக்குழு.

‘கிரேட்ஃபுல் டெட்’ என்ற ராக் குழு அந்தக் காலத்தில் மரின் கவுன்டிக்குக் குடிபெயர்ந்திருந்தது. வால்டோஸில் ஒருவரின் தந்தை அந்தக் குழுவின் வீடு, நில விவகாரங்களைக் கவனித்துவந்தார். இன்னொருவரின் அண்ணன், குழுவின் பேஸ் கிடார் கலைஞர் ஃபில் லெஷுக்கு நண்பர். பையன்கள் ஒத்திகைகளுக்குப் போனார்கள், மேடைக்குப் பின்னால் சுற்றினார்கள், 420 என்று சொன்னார்கள். மேடைப் பணியாளர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள்; அவர்களிடமிருந்து ரசிகர்களுக்குப் போனது.

இந்த ரசிகர்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ‘டெட்ஹெட்’ எனப்பட்ட இவர்கள் ஒரு கச்சேரி கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள் இல்லை. குழு ஊர் ஊராகப் போனால் இவர்களும் வேன்களில் பின்னாலேயே போவார்கள். கச்சேரி அரங்கின் கார் நிறுத்துமிடத்தில் கடைபோடுவார்கள், சமைப்பார்கள், தூங்குவார்கள். ஒரு சொல் கடல் முதல் கடல் வரை போய்ச்சேர இதைவிடச் சிறந்த வாகனம் அன்றைக்கு இல்லை.

1990 டிசம்பரில் ஓக்லாந்தில் நடந்த ஒரு கச்சேரிக்கு வெளியே ஒரு துண்டறிக்கை கைமாறியது. ஏப்ரல் 20 அன்று மாலை 4.20க்கு மரின் கவுன்டியின் டமால்பயஸ் மலைப்பக்கம் கூடி ஒன்றாகப் புகைப்போம் என்பது அழைப்பு. அமெரிக்கர்கள் மாதத்தை முன்னால் எழுதுகிறவர்கள்; அவர்களுக்கு ஏப்ரல் 20 என்பது 4/20. கடிகார நேரமாக இருந்தது இங்கேதான் காலண்டர் தேதியாகவும் ஆனது. நாமோ 20/4 என்று எழுதுகிறோம். இந்தப் பண்டிகை நம் ஊரில் பிறந்திருக்கவே முடியாது.

அந்த அறிக்கை, கஞ்சாப் பண்பாட்டுக்கென்றே நியூயார்க்கிலிருந்து வந்துகொண்டிருந்த ‘ஹை டைம்ஸ்’ பத்திரிகை ஊழியர் கையில் கிடைத்தது. 1991இல் பத்திரிகை அதை வெளியிட்டது, எண் உலகறிந்ததாயிற்று. இதில் ஒரு வேடிக்கை. 420 என்பது சான் ரஃபேல் போலீஸாரின் சங்கேத எண் என்று அந்தத் துண்டறிக்கையிலேயே அச்சிட்டிருந்தது! எண்ணும் அதைப் பற்றிய பொய்யும் ஒரே தாளில் ஏறி உலகத்துக்குள் வந்தன. வால்டோஸ் 1990களின் பிற்பகுதியில் பத்திரிகையைத் தொடர்புகொண்டு ஆதாரங்களைக் காட்டிய பிறகுதான் திருத்தம் வந்தது. திருத்தம் எப்போதும் வதந்தியைவிட மெதுவாகத்தான் நடக்கும்.

சுருக்கமாக: சொல்லைப் பிறப்பித்தது ஒரு தற்செயல், பரப்பியது ஊர் ஊராக நகரும் ஒரு கூட்டம், நிலைக்கவைத்தது அச்சு.

## முளைத்த கதைகள்

ஒரு சொல் அது பிறந்த குழுவைத் தாண்டிப் போகும்போது பொருள் கூடவே போகிறது, காரணம் பின்தங்கிவிடுகிறது. கேட்கிறவருக்கோ காரணம் தேவை. கையிலிருக்கும் செய்திகளை வைத்து அவரே ஒன்றைக் கட்டிவிடுகிறார். இப்படிப் பின்னாளில் மக்கள் உண்டாக்கும் பிறப்புக் கதையை நாட்டார் சொற்பிறப்பு என்று சொல்லலாம். முதலில் பார்த்த விளக்கங்கள் எல்லாம் இந்த வகை.

ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பது சுலபம். கலிஃபோர்னியா தண்டனைச் சட்டத்தின் 420ஆம் பிரிவு, பொது நிலத்துக்குள் ஒருவர் நுழைவதையோ குடியேறுவதையோ தடுப்பது பற்றியது. கஞ்சா வாடையே அதில் கிடையாது. பாப் மார்லி மறைந்தது 1981 மே 11, பிறந்தது பிப்ரவரி 6. வேதிப்பொருள்களின் எண்ணிக்கை ஆய்வு வளர வளரக் கூடிக்கொண்டே போவது. அது ஓர் எண்ணில் நிற்காது. ஏப்ரல் 20 ஹிட்லரின் பிறந்தநாள் என்பது உண்மைதான். ஆனால் 420 தேதியாக ஆகுமுன் இருபது ஆண்டுகள் வெறும் நேரமாக இருந்ததே! இவற்றில் எனக்குப் பிடித்தது பாப் டிலனின் 1966ஆம் ஆண்டுப் பாடல் ஒன்றை வைத்துச் சொல்லப்படுவது. அதன் தலைப்பில் 12, 35 என்ற எண்கள் வருகின்றன, பெருக்கினால் 420. பெருக்கல் சரி. அதற்குமேல் ஒன்றும் இல்லை. தேடுகிறவர் எந்த எண்ணிலும் எதையும் கண்டெடுத்துவிடுவார்.

இந்தக் கதைகளுக்குள் ஒரு பொதுத்தன்மை உண்டு. எல்லாமே பெரியவை: போலீஸ், மரணம், வேதியியல், சர்வாதிகாரி. பிரபலமான ஒன்றுக்குக் காரணமும் பிரபலமாக இருக்க வேண்டும் என்று மனம் எதிர்பார்க்கிறது. விளையாட்டுப் பயிற்சி முடியும் நேரம் என்றால் சப்பென்று இருக்கிறது.

## நம் 420 வேறு

‘அவன் சரியான ஃபோர் ட்வென்டி’ என்று தமிழில் சொன்னால் ஏமாற்றுக்காரன் என்று பொருள். இதன் பிறப்பில் சந்தேகமே இல்லை. 1860இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 420ஆம் பிரிவு, ஏமாற்றிப் பொருளைப் பறிக்கும் குற்றத்துக்கு ஏழாண்டு வரை சிறை விதித்தது. அந்தச் சட்டத்தை அச்சாகக் கொண்ட சிங்கப்பூர், மலேசியச் சட்டங்களிலும் அதே குற்றம் அதே எண்ணில் இருக்கிறது. இலங்கைச் சட்டத்தில் எண்கள் வேறு. ஏமாற்றுதல் அங்கே 398ஆம் பிரிவில் தொடங்குகிறது.

2024 ஜூலை 1 முதல் இந்தியாவில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. ஏமாற்றுதல் அதில் 318ஆம் பிரிவு. அதற்காக யாரும் ‘த்ரீ எய்ட்டீன்’ என்று திட்டத் தொடங்கவில்லை. சட்டம் செத்த பிறகும் அதிலிருந்து கிளம்பிய சொல் உயிரோடு இருக்கிறது. மரின் கவுன்டிப் பையன்களுக்கு இந்தியச் சட்டம் தெரிந்திருக்க நியாயமில்லை. ஒரே எண், இரண்டு பிறப்பு.

## கப்பலேறிய கஞ்சா

இந்தியாவுக்கும் உலகக் கஞ்சாப் பண்பாட்டுக்கும் உண்மையான உறவு எண்ணில் இல்லை, ‘கஞ்சா’ என்ற சொல்லிலேயே இருக்கிறது. ஜமைக்காவில் அந்தச் செடிக்குப் பெயர் ‘கான்ஜா’.

அடிமை முறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1845இலிருந்து 1917 வரை சுமார் 36,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக ஜமைக்காவுக்குப் போனார்கள். பெரும்பாலோர் இன்றைய உத்தரப் பிரதேசம், பீகார் பக்கத்தவர்; சென்னையிலிருந்து கப்பலேறியவர்களும் உண்டு. அவர்களோடு சொல்லும் புகைக்கும் முறையும் கடல் கடந்தன. வடஇந்தியச் சாதுக்களின் களிமண் புகைக்குழலான ‘சில்லம்’ அங்கேயும் அதே பெயரில் வழங்கியது. கறுப்பினத் தொழிலாளர்கள் பக்கத்து வரிசையில் வேலைசெய்த இந்தியர்களிடமிருந்து இதைக் கற்றார்கள். 1913இல் ஜமைக்கா அரசு தடைச்சட்டம் கொண்டுவந்தபோது அதிலும் இந்தப் பெயரே ஏறியது.

1930களில் அங்கே ராஸ்தஃபாரி சமயம் தோன்றியது. அதன் முன்னோடிகளில் ஒருவரான லெனர்ட் ஹோவெல் ‘ஜி. ஜி. மராக்’ என்ற புனைபெயரில் எழுதினார். மராக் என்பதில் நம் ‘மகாராஜ்’ ஒலிக்கிறது. ராஸ்தாக்களுக்குக் கஞ்சா கேளிக்கைப் பொருள் இல்லை. ‘ரீசனிங்’ எனப்படும் கூட்டத்தில் வட்டமாக உட்கார்ந்து, பிரார்த்தனை சொல்லி, ‘சாலிஸ்’ என்ற நீர்க்குழலைக் கைமாற்றியபடி வேதாகமத்தைப் பற்றியும் உலகத்தைப் பற்றியும் விவாதிப்பார்கள். அந்தச் சமய உரிமையை ஜமைக்கா சட்டம் 2015இல் ஏற்றுக்கொண்டது. அதே திருத்தம், இரண்டு அவுன்ஸ், அதாவது சுமார் 56 கிராம் வரை வைத்திருப்பதைச் சிறைக்குரிய குற்றம் என்ற நிலையிலிருந்து எடுத்தது.

ஒரு முரணையும் கவனிக்கலாம். ஆங்கிலத்தில் கொச்சையாகக் கருதப்படும் ‘கான்ஜா’ இந்தியாவில் சட்டக் கலைச்சொல். 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடைச்சட்டத்தின்படி செடியின் பூத்த அல்லது காய்த்த நுனிகள் கஞ்சா. பிரித்தெடுத்த பிசின் சரஸ். நுனி சேராத தனி இலையும் விதையும் அந்த விளக்கத்துக்குள் வராது. சிவராத்திரிக்கும் ஹோலிக்கும் வடக்கே இலையை அரைத்துக் குடிக்கும் பாங்கு மாநிலச் சட்டங்களின் கைக்குப் போனது இப்படித்தான். அங்கே சில மாநிலங்களில் உரிமம் பெற்ற பாங்குக் கடையே உண்டு. இதைக் கேட்டுவிட்டு இங்கே யாரும் பொட்டலத்தோடு கிளம்ப வேண்டாம். சிறு அளவு கஞ்சாவுக்கும் சிறை உண்டு.

## பாத்திரம் புகைக்குழலான கதை

வட்டமாக உட்கார்ந்து கைமாற்றும் பழக்கத்திலிருந்து உலகெங்கும் சில நாகரிகங்கள் உண்டாகியிருக்கின்றன. தன் முறை வந்ததும் இரண்டு இழுப்போடு அடுத்தவருக்குத் தர வேண்டும். தராமல் உதட்டிலேயே வைத்திருப்பதை அமெரிக்கர்கள் ‘போகார்ட்’ செய்வது என்கிறார்கள். வாயோரம் சிகரெட் தொங்க நடித்த ஹம்ஃப்ரி போகார்ட்டின் பெயர் அப்படி வினைச்சொல் ஆயிற்று.

இடப்பக்கம்தான் தர வேண்டும் என்பது இன்னொரு விதி. அதற்குத் தத்துவ விளக்கங்களெல்லாம் சொல்வார்கள். உலகளவில் அதைப் பரப்பியதில் பெரும்பங்கு 1982இல் வந்த ஒரு ரெகே பாடலுக்கு உண்டு. ஜமைக்காவின் மைட்டி டயமண்ட்ஸ் குழு, கஞ்சாக் குழலான ‘கூச்சி’யை இடப்பக்கம் கைமாற்றச் சொல்லிப் பாடியிருந்தது. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்துச் சிறுவர்கள் குழுவான மியூசிக்கல் யூத் அதை மறுபடி பாடியபோது, பள்ளிப் பிள்ளைகள் வாயில் கஞ்சா வேண்டாம் என்று கூச்சியை ‘டச்சி’ ஆக்கினார்கள். டச்சி என்றால் ஜமைக்காவில் சோறு, குழம்பு ஆக்கும் கனத்த இரும்புப் பாத்திரம். பாட்டும் சாப்பாடில்லாத பசியைப் பற்றியதாக மாறியது. பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. ஜமைக்காவுக்கு வெளியே கேட்டவர்களுக்குப் பாத்திரம் தெரியாது. டச்சி என்பது ஏதோ கஞ்சாச் சமாசாரம் என்று எடுத்துக்கொண்டு அப்படியே வழங்கத் தொடங்கினார்கள். மறைப்பதற்காக வைத்த சமையல் பாத்திரமே கடைசியில் கஞ்சாச் சொல் ஆகிவிட்டது! பிழையான புரிதலும் போதிய ஆட்கள் சேர்ந்தால் பொருளாகிவிடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

## எல்லோருக்கும் தெரிந்த பிறகு

மறைப்பதற்காகப் பிறந்த 420 இன்று எதையும் மறைப்பதில்லை. 2003இல் கலிஃபோர்னியா சட்டமன்றம் மருத்துவக் கஞ்சா பயன்படுத்துவோருக்கு அடையாள அட்டை வழங்கும் சட்டத்தை நிறைவேற்றியது. அந்த மசோதாவின் எண் 420. கொலராடோவில் நெடுஞ்சாலையின் 420ஆவது மைல் பலகையை அடிக்கடி திருடிக்கொண்டு போனார்கள். அலுத்துப்போன சாலைத் துறை அதை எடுத்துவிட்டு 419.99 என்று எழுதி நட்டது. அதே மாநிலத்தின் போல்டர் பல்கலைக்கழகத்தில் ஏப்ரல் 20 அன்று ஆயிரக்கணக்கானோர் ஒரு புல்வெளியில் கூடுவது வழக்கமாகிவிட்டிருந்தது. 2012இல் நிர்வாகம் வளாகத்தை வெளியாட்களுக்கு மூடியதோடு, அந்தப் புல்வெளியில் மீன் உரத்தையும் தெளித்துவைத்தது. நாற்றத்துக்குப் பயந்தாவது வரமாட்டார்கள் என்ற கணக்கு. அதே ஆண்டு நவம்பரில் அந்த மாநில மக்கள் வாக்களித்துக் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கினார்கள். இப்போது பல மாநிலங்களில் ஏப்ரல் 20 கடைகளின் தள்ளுபடி நாள்.

மறைக்கும் வேலை போய்விட்டது, சேர்க்கும் வேலை மட்டும் மிஞ்சியிருக்கிறது. இதற்கிடையில் பிசின் எண்ணெய் புகைப்பவர்கள் தங்களுக்கென்று 710 என்ற எண்ணை வைத்துக்கொண்டார்கள். எழுதித் தலைகீழாகத் திருப்பினால் எண்ணெய்க்கான ஆங்கிலச் சொல் தெரியும். ஜூலை 10 அவர்கள் பண்டிகை. அதற்கும் ஒரு போலீஸ் கதை இந்நேரம் எங்காவது முளைத்திருக்கும்.